நண்பர்களோடு ஓராண்டு பறவை பார்த்ததில் உங்கள் மனத்தில் நின்றவை எவை?

கரைமேடு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

நாங்கள் நால்வர் ஓராண்டாகச் சேர்ந்து பறவை பார்த்துவருகிறோம். ஒருவர் குரலை வைத்தே பறவையை அறிந்துவிடுவார். ஒருவர் நின்ற இடத்திலேயே படம் வரைவார். ஒருவர் எண்ணிக்கை எடுப்பார். தொலைநோக்கியையும் முக்காலியையும் சுமந்து வருபவள் நான். ஆண்டுக் குறிப்பு ஒன்று எழுதுவோம் என்று அமர்ந்தபோது, எண்ணிக்கை எடுப்பவர் பார்த்த இனங்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல பட்டியல்தான், உழைத்துச் செய்தது. ஆனால் இந்த ஆண்டை நினைத்தால் எனக்கு முதலில் வரும் எதுவும் அதில் இல்லை. உங்கள் குழுக்களில் எதை எழுதி வைக்கிறீர்கள்? எது உங்கள் மனத்தில் நின்றது? அதைக் கேட்கத்தான் இந்த இழை.

கேட்பவளே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது, முழுநிலவில் பார்த்த வலசை. வலசைக் காலத்தில் மேகமற்ற ஓர் இரவில் தொலைநோக்கியை நிலவின் மேல் நிறுத்தினோம். நெடுநேரம் நிலவின் பள்ளங்களைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிறு கரிய உருவம் வட்டத்தின் ஓரத்தில் நுழைந்து, நடுவில் சிறகடித்து, மறு ஓரத்தில் மறைந்தது. ஒரு நொடிகூட இருக்காது. அதன்பின் இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். அத்தனையும் ஏறக்குறைய ஒரே திசையில்! குரல் அறிந்த நண்பர் தொலைநோக்கிப் பக்கமே வரவில்லை. அண்ணாந்து நின்று, இருட்டிலிருந்து விழும் ஒற்றைக் குரல்களை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நிலவின் வட்டம் வானத்தில் எவ்வளவு சிறியது! அதற்குள்ளேயே இத்தனை கடந்தால் அந்த இரவு முழுவதும் எங்கள் தலைக்கு மேல் எத்தனை போயிருக்கும் என்று எண்ணியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. இரவில் காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கிறது. பகலில் வேட்டையாடும் வல்லூறுகளின் தொல்லை இல்லை. பகலை இரை தேட வைத்துக்கொள்ளலாம். விண்மீன்களைக் கொண்டு அவை திசை அறிகின்றன என்பதை 1960களில் ஸ்டீபன் எம்லன் என்ற ஆய்வாளர் கோளரங்கத்துக்குள் பறவைகளை வைத்துக் காட்டினார். குஞ்சுகள் வானத்தில் சுழலாமல் நிற்கும் புள்ளியைப் பார்த்து வடக்கைக் கற்றுக்கொள்கின்றன. படித்துத் தெரிந்ததுதான். ஆனால் படித்தது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

அடுத்தது, முகத்துவாரத்துச் சேற்றில் பார்த்த ஒரு கல்திருப்பி உள்ளான். காலில் சிறு கொடி போன்ற வண்ணப்பட்டை. அதிலிருந்த எழுத்துகளை நான் ஒருமுறை, படம் வரைபவர் ஒருமுறை, தனித்தனியே படித்து ஒப்பிட்டோம். பறவையைப் பின்னர் அடையாளம் காண ஆய்வாளர்கள் காலில் இப்படிப் பட்டையோ வளையமோ மாட்டுவார்கள். அதை மாட்டிய குழுவுக்கு எழுதினோம். எங்கே, எந்த ஆண்டு, அப்போது எவ்வளவு எடை என்று விடை வந்தது. சுமார் 100 கிராம் எடையுள்ள பறவை. ஆர்க்டிக் நிலத்தில் கூடு கட்டிவிட்டுக் கடற்கரை கடற்கரையாக வந்து, எங்கள் முன்னால் ஒரு கிளிஞ்சலைப் புரட்டிக்கொண்டிருந்தது.

விராலடிப்பான், முக்குளிப்பான், கூகை எல்லாம் இருக்கின்றன. அவற்றை நீங்கள் சொல்வீர்கள் என்று விட்டுவிடுகிறேன்.

---

வரப்புமேல் எழுதியது:

வணக்கம், கரைமேடு. உங்கள் குழுவில் எண்ணிக்கை எடுப்பவருக்காகப் பேச ஒருவராவது வேண்டும். நான் பேசுகிறேன்.

என் ஆண்டின் மறக்க முடியாத நாள், நாங்கள் எதிர்பார்த்த பறவை வராத நாள். ஆண்டுதோறும் ஒரு குளத்தில் வாத்துகளை எண்ணிவருகிறோம். இம்முறை நீர் இருந்தது, பாசி இருந்தது, வாத்துகள் மட்டும் இல்லை. நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு வழக்கமான நேரம் முழுவதும் நின்று, நாமக்கோழி, நீர்க்காகம், உண்ணிக்கொக்கு என இருந்தவை அனைத்தையும் எண்ணி எழுதினோம். ‘பார்த்த எல்லா இனங்களையும் பதிவு செய்தீர்களா?’ என்று இ-பேர்டு (பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) கேட்கும் கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்தோம். அந்த ஒற்றைச் சொல்லால்தான், எழுதப்படாத இனம் அன்று கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகிறது. பிடித்ததை மட்டும் எழுதினால் அந்தத் தகவல் கிடைக்காது. இல்லாததை எழுதி வைக்கப் பொறுமையான நண்பர்கள் வேண்டும். தனியாக இருந்திருந்தால் நான் அரை மணியில் திரும்பியிருப்பேன்.

பெருங்கூட்டத்தை எண்ணுவதும் நான்கு பேருக்கான வேலைதான். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பரப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் அதனால் அளக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல் எழுதி, கடைசியில் ஒப்பிட வேண்டும். முதல் முறை எங்கள் எண்கள் வெகுவாக விலகி நின்றன. ஆண்டு முடிவில் நெருங்கிவிட்டன. அதைவிடப் பெரிய மகிழ்ச்சி எனக்கு இந்த ஆண்டில் இல்லை.

---

நாணற்புதர் எழுதியது:

கேட்டதற்கு நேராகவே விடை சொல்கிறேன்: விராலடிப்பான்.

அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உள்ள பறவை. அரியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்றையே காலை முழுவதும் பார்ப்பது என்று முடிவு செய்து உட்கார்ந்தோம். நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், இறங்கும், பாதியில் மனம் மாறி மேலே போகும். பல முறை அப்படி. பிறகு கால்களை முன்னே நீட்டி விழுந்தது. தண்ணீர் வெடித்தது. சில நொடிகள் சிறகை நீர்மேல் விரித்துக் கிடந்தது. எழுந்தபோது கால்களில் மீன். என் நண்பர் என் தோளைப் பிடித்து, “காலைப் பார், காலைப் பார்” என்றார். பறந்துகொண்டே மீனைத் திருப்பியது! குறுக்காக இருந்த மீன், தலை முன்னாகவும் வால் பின்னாகவும் நேரானது. காற்றைக் கிழித்துப் போக அதுதான் வசதி. வெளிவிரலைப் பின்னுக்கு மடக்கி, முன்னிரண்டு பின்னிரண்டு விரல்களாகப் பற்ற அதனால் முடியும். பாதத்தின் அடியில் முட்கள் போன்ற சொரசொரப்பும் உண்டு. கொஞ்சம் உயரே போனதும் உடலை உலுக்கி நீரை உதறிவிட்டுப் போனது.

இன்னொன்று, சூறைக்குருவிகள் அடையும் மாலை. நாணல் மேல் பெருந்திரளாகச் சுழன்றுகொண்டிருந்தபோது ஒரு பொரி வல்லூறு வந்தது. திரள் ஒரு கணத்தில் இறுகிக் கறுத்தது, பிறகு நீண்டது, கிழிந்தது, ஒட்டிக்கொண்டது. தலைவன் இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்பதை ரோம் நகரில் சூறைக்குருவிகளைப் படமெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2008இல் வெளிவந்த முடிவின்படி, ஒவ்வொரு பறவையும் தனக்கு மிக அருகிலுள்ள ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது. கூட்டம் நெருங்கினாலும் விலகினாலும் அந்த எண் மாறுவதில்லை. இதை அறிந்தபின் திரளை ஒரே உருவமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு அதன் அண்டை அயலைத்தான் தேடுகிறேன். வல்லூறு அன்று வெறுங்காலோடு போனது.

கரைமேடு, நிலவில் பார்ப்பதைப் பற்றி விரிவாக எழுதுங்கள். எப்படிச் செய்தீர்கள்? எந்த ஆற்றலுள்ள தொலைநோக்கி வேண்டும்?

---

கரைமேடு எழுதியது:

நாணற்புதர் ஐயா, தாராளமாக.

20 முதல் 30 மடங்கு பெருக்கம் போதும். நிலவு முழுவதும் வட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முழுநிலவுக்கு ஓரிரு இரவு முன்பின்னாக இருந்தாலும் பார்க்கலாம். பொழுது சாய்ந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். முக்காலி அசையாமல் இருக்க வேண்டும். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. பார்ப்பவர் கண்ணை எடுக்கவே கூடாது, ஏனென்றால் எடுத்த நொடியில்தான் ஒன்று கடக்கும். கண் கூசிக் களைத்துவிடும், ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டோம். நால்வர் இருந்ததன் பயன் அங்கேதான் தெரிந்தது.

திசையைக் குறிக்க நிலவைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். ‘மூன்றில் நுழைந்து ஒன்பதில் போனது’ என்று பார்ப்பவர் சொல்ல, எழுதுபவர் நேரத்தோடு குறிப்பார். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1940களில் ஜார்ஜ் லோவரி என்ற பறவையியலாளர் இப்படித்தான் இரவு வலசையை அளக்கத் தொடங்கினார். 1952இல் வட அமெரிக்காவில் ஏராளமானோர் ஒரே இரவுகளில் நிலவைப் பார்த்து அவருக்கு எண்ணிக்கை அனுப்பியிருக்கிறார்கள். ராடாரில் வலசையைத் தொடர்ந்து பார்க்கும் வசதி பரவாத காலம் அது.

ஓர் எச்சரிக்கை. பூச்சிகளும் வௌவால்களும் குறுக்கே வரும். நிலவுக்குக் குவித்த தொலைநோக்கியில் அருகில் பறக்கும் பூச்சி மங்கலான பெரிய நிழலாகத் தெரியும். உயரத்தில் போகும் பறவை விளிம்பு தெளிந்து கறுப்பாக இருக்கும். ஐயமானதை எழுதாமல் விட்டோம். இனம் எதுவென்று அறிய முடியாது, அதனால்தான் இவ்விரவு எங்கள் பட்டியலில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

வரப்புமேல் அவர்களே, வாத்து இல்லாத குளத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் நண்பருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நிலவைக் கடந்தவற்றின் எண்ணிக்கையை நேரவாரியாகத் தனி அட்டவணையாக இட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பட்டியலும் இருக்கட்டும், அட்டவணையும் இருக்கட்டும்.

---

பழைய இறகு எழுதியது:

வளையத்தைப் பற்றி ஒரு சொல். எழுத்தைப் படித்து அனுப்பினீர்களே, அதற்கு என் தனிப்பட்ட நன்றி. நான் வளையமிடுவோருக்கு உதவியாகப் பல பருவங்கள் இருந்திருக்கிறேன். நாங்கள் பறக்கவிட்ட பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பற்றி மறுபடி எந்தச் செய்தியும் வந்ததில்லை. ஒன்று வந்தால் அன்று முழுவதும் அதே பேச்சு.

1956இல் பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர், அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஒன்றுக்கு வளையமிட்டார். 2002இல் அதே தீவில் அவர் கையிலேயே அந்தப் பறவை மீண்டும் அகப்பட்டது. இடையில் வளையங்கள் தேய்ந்து மாற்றப்பட்டிருந்தன. பழைய பதிவேடுகளைத் தொடர்ந்து பின்னோக்கிப் போனபோதுதான் அது தாம் வளையமிட்ட பறவை என்று தெரிந்தது. ‘விஸ்டம்’ என்று அழைக்கப்படும் அந்தப் பெண் பறவை 2024 இறுதியில், எழுபது வயதைக் கடந்த பின்னும், முட்டையிட்டது. நடுவில் யாராவது ஒருவர் எண்ணை எழுதாமல் விட்டிருந்தால் இந்தத் தொடர்ச்சி அறுந்திருக்கும். ஆகவே உங்கள் ஆண்டுக் குறிப்பில் அந்தக் கல்திருப்பி உள்ளானின் பட்டை எழுத்து, நிறம், எந்தக் கால், நாள், நேரம் எல்லாம் இடம்பெறட்டும்.

ஒன்றை மட்டும் குறிப்பில் சேர்க்காதீர்கள். கூகை என்று எழுதியிருந்தீர்கள். அது கூட்டில் இருந்தால், இடத்தைப் பொதுவில் வெளியிடும் குறிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். படத்தின் பின்னணியில் கட்டடமோ மரமோ அடையாளம் தெரிந்தாலும் போதும், ஆட்கள் விளக்கோடு வந்து நிற்பார்கள். பெற்றோர் இரையோடு திரும்பத் தயங்கும். குஞ்சுகள் பசியில் கிடக்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றும் மனம் ஆறவில்லை. ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய சில இனங்களின் இடத்தை இ-பேர்டு தானாகவே மறைக்கிறது, ஆனால் கூகைக்கு எல்லா இடத்திலும் அந்தக் காப்பு இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

---

கரைமேடு எழுதியது:

ஐயா, கூகை கூட்டில்தான் இருந்தது. இடப்பெயரை எடுத்துவிட்டோம், வரைந்த படத்தில் பின்னணியையும் நண்பர் நீக்கிவிட்டார். உள்ளானின் பட்டை விவரம் முழுவதும் முதல் பக்கத்திலேயே வருகிறது: வலது கால், மேல்பகுதி, நிறம், எழுத்துகள், நாள், நேரம்.