ஆலன் எய்க்போர்ன்: இயக்குநர் பணி நாடகாசிரியருக்குத் துணையா, சுமையா?

கேள்வி:
எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிய ஆங்கில நாடகாசிரியர் எய்க்போர்ன், அவற்றில் பெரும்பாலானவற்றை இலண்டனில் அல்லாமல், இங்கிலாந்தின் வடகடலோரத்தில் உள்ள ஸ்கார்பரோ என்னும் ஊரில் தாமே இயக்கி முதலில் அரங்கேற்றியிருக்கிறார். இலண்டனில் புகழ் பெற்ற பிறகும் அந்த ஊரிலேயே அவர் நிலைத்ததற்குக் காரணம் என்ன? இயக்கும் வேலை அவருடைய எழுத்தை வளர்த்ததா, எழுதும் நேரத்தைப் பறித்ததா?

மறுமொழி 1:
வளர்த்தது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஸ்கார்பரோ பொது நூலகத்தின் மாடியில் ஸ்டீபன் ஜோசப் நடத்திவந்த வட்ட அரங்கில் 1957இல் மேடைப் பணியாளராகவும் நடிகராகவும் சேர்ந்த இளைஞர் அவர். தமக்குத் தரப்பட்ட வேடம் பிடிக்கவில்லை என்று குறைப்பட்டபோது, நல்ல வேடம் வேண்டுமென்றால் நீயே எழுது என்று ஜோசப் சொன்னதிலிருந்துதான் 1959இல் முதல் நாடகம் பிறந்தது. நாற்புறமும் பார்வையாளர் அமர்ந்திருக்கும் அரங்கில் திரையும் இல்லை, சுவர்களும் இல்லை. யார் எப்போது உள்ளே வருகிறார், எவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் என்பதே கதையாகிவிடும். 1972இல் வந்த ‘அப்சர்ட் பெர்சன் சிங்குலர்’ நாடகத்தை வரவேற்பறையில் தொடங்கியவர், சுவையான நிகழ்வுகள் எல்லாம் சமையலறையில் நடக்கின்றன என்று கண்டு மூன்று அங்கங்களையும் அங்கேயே மாற்றினார். மேடையை உடலால் அறிந்த ஒருவருக்குத்தான் அந்தக் கண் வாய்க்கும்.

மறுமொழி 2:
ஊரை விடாததற்கான விடையும் அதில் இருக்கிறது. ஜோசப் 1967இல் மறைந்தார்; 1972 முதல் 2009 வரை அந்த அரங்கின் கலை இயக்குநராக இருந்தவர் எய்க்போர்ன். ஸ்கார்பரோவுக்குக் கோடை விடுமுறையில் வருவோர் சில நாள்களே தங்குவர் என்பதால், 1973இல் எழுதிய ‘தி நார்மன் கான்க்வெஸ்ட்ஸ்’ தொகுதியின் மூன்று நாடகங்களையும், எதை முதலில் பார்த்தாலும், ஒன்றை மட்டுமே பார்த்தாலும் நிறைவு தரும்படி அமைத்தார். உணவறை, கூடம், தோட்டம் என்று ஒரே வார இறுதி மூன்று இடங்களில் நடக்கிறது. 1999இல் இன்னும் துணிந்து, ‘ஹவுஸ்’, ‘கார்டன்’ என்னும் இரு நாடகங்களை ஒரே நடிகர் குழு ஒரே மாலையில் இரண்டு அரங்குகளுக்கிடையே ஓடி நடிக்கும்படி எழுதினார். சொந்த அரங்கு இல்லாத எழுத்தாளர் இதைக் கனவு காணலாம். நடத்திக் காட்ட இயலாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிறருடைய நாடகங்களையும் அவர் இயக்கியிருக்கிறாரா?

மறுமொழி 1:
ஆம். ஸ்கார்பரோவிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு இலண்டன் நேஷனல் தியேட்டரில் பணியாற்றிய காலத்தில், 1987இல், நடிகர் மைக்கேல் காம்பனை வைத்து ஆர்தர் மில்லரின் ‘எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்’ நாடகத்தை இயக்கிப் பெரும் பாராட்டுப் பெற்றார். அதன் பிறகும் ஸ்கார்பரோவுக்கே திரும்பிவிட்டார்.