கிறிஸ்துமஸ் டான்ஸுக்குப் பழைய பாட்டு வாசிக்கணும், வழி சொல்லுங்க

பொன்மலை கீபோர்டு:
வணக்கம். திருச்சியில ஆறு பேர் சேர்ந்து மெல்லிசைக் குழு நடத்துறோம். எம்.எஸ்.வி., ஆரம்பகால இளையராஜா மட்டும்தான். மைனஸ் ட்ராக் (பாடகர் குரல் இல்லாத பதிவு) கிடையாது, எல்லாமே கை வாசிப்பு. கோயில் திருவிழா, ரிசப்ஷன்னு பழக்கம் உண்டு. இப்போ டிசம்பர் 26 ராத்திரி பொன்மலையில ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நடத்துற டான்ஸுக்குக் கூப்பிட்டிருக்காங்க. பாதி இங்கிலீஷ் பழசு, பாதி தமிழ்ப் பழசு வேணுமாம். எங்கப்பா ரயில்வே பணிமனையில இருந்தவர். சின்ன வயசுல அந்த டான்ஸை ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்திருக்கேன். அதனால இதைச் சரியா செய்யணும். வால்ட்ஸ், ஜைவ்னு ஜோடியா ஆடற டான்ஸுக்கெல்லாம் என்ன வேகம்? தமிழ்ப் பாட்டை எங்க சேர்க்கலாம்?

போத்தனூர் சவுண்டு:
முதல்ல நேரத்தைக் கேட்டுக்கோங்க. ஒலி மாசு விதிகள் 2000-படி ராத்திரி 10 மணிக்கு மேல திறந்தவெளியில ஸ்பீக்கர் போட முடியாது. பண்டிகைக்கு அரசு 12 மணி வரை தளர்த்தலாம், ஆனா வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல இல்ல. 26-ஆம் தேதி அதுல வருதான்னு விசாரிக்கச் சொல்லுங்க. மூடின ஹால்னா சத்தம் உள்ளேயே நிக்கற மாதிரி ஸ்பீக்கர் பாக்ஸைத் தரையைப் பார்த்துச் சாய்ச்சு வைங்க. பாட்டை மேடையில வாசிக்க வாங்கற ஐ.பி.ஆர்.எஸ். உரிமம் யார் எடுக்கறதுன்னு அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிடுங்க.

பெரம்பூர் டிரம்ஸ்:
தம்பி, நான் 31 வருஷம் கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு டிரம்ஸ் வாசிச்சவன். எம்.எஸ்.வி. குழுவுல இருந்த நோயல் கிராண்ட் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் கை பழக்கினேன். வேகம் சொல்றேன். வால்ட்ஸ் மூணு அடித் தாளம், நிமிஷத்துக்கு 84-லேர்ந்து 90 அடி. நாலு அடித் தாளத்துல ஆடற பாக்ஸ்ட்ராட் 112-லேர்ந்து 120. ஜைவ் போட்டியில 176 வரை போகும். உங்க ஹால்ல ஆடப்போறவங்க பேரன் பேத்தி எடுத்தவங்க, 150-ஐத் தாண்டாதீங்க. ஒரே வகையில மூணு பாட்டு, அப்புறம் சின்ன இடைவெளி. ஜோடி மாத்திக்க, தண்ணி குடிக்க.

இதையெல்லாம்விட ஒண்ணு முக்கியம். கச்சேரியில, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல வர்ற இன்டர்லூட் பிட்டை ரெக்கார்டுல இருக்கற மாதிரியே வாசிச்சா கைதட்டுவாங்க. டான்ஸ்ல அதுவே காலை வாரிவிடும். 1988-ல ஒரு ஹால். மரத்தளத்துல பவுடர் தூவி வழுவழுன்னு வெச்சிருந்தாங்க. மூணு அடித் தமிழ்ப் பாட்டு ஒண்ணு எடுத்தோம். சரணத்துக்கு முன்னாடி பாடகி தாளமில்லாம ஹம்மிங் இழுத்தாங்க, நானும் ஒரிஜினல்ல இருக்கற மாதிரியே குச்சியைத் தூக்கிட்டேன். எனக்கு நேர் எதிர்ல எழுபது வயசைத் தாண்டின தம்பதி. அந்தம்மாவோட நீல ஷூ நுனி தரையில ஊணியிருக்கு, குதிகால் அந்தரத்துல. அடுத்த அடி எப்ப வரும்னு என் கையையே பார்த்தாங்க. பின்னாடி வந்த ஜோடி அவங்க மேல மோதிடுச்சு. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அவங்க போய் உட்கார்ந்தாங்க, அன்னிக்கு அப்புறம் எழுந்திருக்கவே இல்ல.

அதுக்கப்புறம் என் இடது கால் ஹை-ஹாட்டை (காலால அழுத்தற ஜோடி சிம்பல்) விட்டதே இல்ல. பாட்டு எங்க போனாலும் சரி, அடி ஓடிக்கிட்டே இருக்கணும். தாளமில்லாத ஆரம்பத்தை வெட்டுங்க. தபலா நடை மாறுற பிட்டை எடுத்துட்டு அந்த இடத்துல பல்லவியைக் கிட்டார்ல வாசிங்க. 'காதலிக்க நேரமில்லை' (1964) ட்விஸ்ட் பாட்டுக்குப் பெருசா கைவைக்க வேண்டாம், ஜைவ் செட்லயே உட்கார்ந்துடும். பசங்க கேக்கற சிக்ஸ் எய்ட் குத்துப் பாட்டெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம்.

பரங்கிமலை டெய்சி:
நான் ஆடறவ. "அடுத்தது வால்ட்ஸ்"னு மைக்ல சொல்லிட்டு ஆரம்பிங்க அண்ணா. முதல் அடி விழுந்தப்புறம் எங்கம்மாவுக்குக் கைகொடுத்து எழுப்பிக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள பாதிப் பாட்டு முடிஞ்சிடுது. மேடை லைட்டை எங்க கண்ணுல அடிக்காதீங்க. வயசானவங்களுக்குத் தரை தெரியணும்.

பொன்மலை கீபோர்டு:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி தாள வேகம் காட்டற மெட்ரோனோம் வெச்சுப் பார்த்தோம். எங்க வால்ட்ஸ் 92-ல ஆரம்பிச்சு ரெண்டாவது சரணத்துல 104-க்குப் போயிருக்கு, ஒருத்தருக்கும் தெரியல! நாலு பாட்டுல பிட்டை வெட்டியாச்சு. புல்லாங்குழல் வாசிக்கற பையன்தான் மனசே இல்லாம ஒத்துக்கிட்டான். ஐயா, கடைசியா ஒரு கேள்வி. கடைசி ஜோடி ஆட்டமான லாஸ்ட் வால்ட்ஸ் முடிஞ்சு ஒரு குத்துப் பாட்டோட முடிக்கலாமா? எங்க வழக்கம் அதுதான்.

பெரம்பூர் டிரம்ஸ்:
வேண்டாம் தம்பி. குத்தை அதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. லாஸ்ட் வால்ட்ஸுக்கு அப்புறம் ஒண்ணும் வாசிக்கக் கூடாது. அந்தப் பாட்டுக்கு யாரோட ஆடணும்னு சாயங்காலத்துலேர்ந்தே நினைச்சு வெச்சிருப்பாங்க. ஹால் லைட்டை மெதுவாப் போடச் சொல்லுங்க. அவங்க கோட்டு, பையெல்லாம் எடுத்துக்கிட்டு வாசல் தாண்டட்டும். சிம்பலை அதுக்கப்புறம் கழட்டுங்க.