குறைமாதக் குழந்தைக்கு ஸ்டீராய்டு: அனுபவப்பட்டவங்க சொல்லுங்க
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு 28 வாரத்துலயே குழந்தை பிறந்துடுச்சு. பிரசவத்துக்கு முன்னாடி அவளுக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. அதுல பயமில்ல, 1972லயே நியூசிலாந்துல லிகின்ஸ், ஹோவிங்கற டாக்டர்கள் காட்டின வழி. குழந்தையோட நுரையீரல் சீக்கிரம் முதிரும், மூளை ரத்தக்கசிவும் குறையும்.

இப்போ மூணு வாரமாகியும் வென்டிலேட்டரை எடுக்க முடியல. அதே மருந்தைக் குறைஞ்ச அளவுல குழந்தைக்கே கொடுக்கலாம்னு டாக்டர் சொல்றார். பிறந்த முதல் வாரத்துலயே கொடுத்தா பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால உடல் அசைவு பாதிக்கிறது) வர வாய்ப்பு கூடும்னு எங்கேயோ படிச்சுட்டு, இவ கையெழுத்துப் போட மாட்டேங்கறா. முதல் வாரம்தான் தாண்டிடுச்சே! வென்டிலேட்டர்லயே கிடந்தாலும் ஆபத்துன்னு டாக்டர் சொல்றது எனக்கு நியாயமாத்தான் படுது.

இந்தக் கட்டத்தைத் தாண்டினவங்க இருக்கீங்களா? அப்புறம் தலை ஸ்கேன், வளர்ச்சிப் பரிசோதனையெல்லாம் எப்போ பண்ணாங்க? டாக்டர்கிட்ட வேற என்ன கேக்கணும்? பயமுறுத்துற கதை வேண்டாம்ங்க, தங்கச்சியும் இந்தக் குழுவுல இருக்கா.