இணையம் இல்லாத அறையில் நான்கு எக்ஸ்ஓ கணினிகள்

எக்ஸ்ஓ மடிக்கணினி நினைவிருக்கிறதா? குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்துக்காக 2007இல் உற்பத்திக்கு வந்த பச்சை வெள்ளைப் பெட்டி. முயல் காது மாதிரி இரண்டு ஆன்டெனா நிமிரும். பழையவை நான்கு கைக்கு வர, இணையம் எட்டாத ஓர் அறையில் நான்கு பிள்ளைகளிடம் கொடுத்தேன்.

காதுகளை நிமிர்த்திச் சற்று நேரத்தில், 'அக்கம்பக்கம்' காட்டும் திரையில் ஒருவர் திரையில் மற்றவர் வண்ணப் பொம்மையாக வந்து நின்றார்கள். ரௌட்டர் கிடையாது, சர்வர் கிடையாது. ஒரு பெண் கதை எழுதத் தொடங்கி, பகிர்வுப் பொத்தானை அழுத்தி வைத்தாள். அப்புறம் ஒரே கூச்சல்: "என் எழுத்தை யாருடா அழிக்கிறது?" எதிர் மூலையில் ஒருவன் கமுக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு நீளமான நடைவழிக்குப் போனோம். இரு முனையில் இருவர், நடுவில் ஒருவன். முனையில் இருப்பவர்களுக்கு நேரடியாக எட்டாது. நடுவில் இருக்கும் கணினிதான் செய்தியை வாங்கிக் கைமாற்றும். அதன் மூளையான முதன்மை சிப் தூங்கினாலும் வயர்லெஸ் சிப் தனியாக இந்த வேலையைச் செய்யும்படி அமைத்திருந்தார்கள். நடுவில் இருந்தவனுக்குத் தாகம் எடுத்தது. கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான். அரட்டை அறுந்தது!

மறுமொழி:
நான்கோடு நிறுத்தியதால் தப்பித்தீர்கள். நான் ஒரே வகுப்பறையில் இருபதைத் திறந்தேன். ஒவ்வொன்றும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அடிக்கடி அறிவிக்கும், கேட்டவை அதைத் திருப்பிச் சொல்லும். இந்த அறிவிப்புகளே காற்றை அடைத்துக்கொண்டன. ஒரு படம்கூட நகரவில்லை. சரி, கணினிகளை 1, 6, 11 என்று மூன்று வயர்லெஸ் சேனலாக, அதாவது தனித்தனி அலைவரிசையாகப் பிரித்தேன். வேகம் வந்தது. ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தோழி திரையில் காணாமல் போய்விட்டாள் என்று ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. வேறு சேனல் என்றால் பொம்மை தெரியாது. அதை ஆறு வயதுக்கு எப்படி விளக்குவது? அடுத்து வந்த 1.5 மாடலில் இந்தக் கைமாற்றும் வலையையே விட்டுவிட்டு, நேருக்கு நேர் எட்டுகிற அட்ஹாக் இணைப்புக்குப் போய்விட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் நடைவழி விளையாட்டு அதில் நடக்காது.

மறுமொழி:
எங்கள் பிள்ளைகளுக்கு அரட்டையைவிடத் தூரம் அளக்கும் செயலிதான் உயிர். இரண்டு கணினிகளும் ஒன்றுக்கொன்று ஒலி எழுப்பும். அது போய்ச் சேர எடுத்த நேரத்தை வைத்து இடைவெளி கணக்காகும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதை மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளந்துதான் நம்பினார்கள். சுற்றிலும் சத்தம் இருந்தால் அளவு தப்பிவிடும். ஆகவே வகுப்பில் "உஷ்!" என்று அதட்டுகிற வேலை அன்றைக்கு எனக்கு இல்லை, அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.