டிவிஷன் 1 முழு உதவித்தொகையா, டிவிஷன் 3 இன்ஜினியரிங்கா? மகனுக்காகக் கேட்கிறேன்

பிளேனோ_அப்பா:
வணக்கம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. 6 அடி 3 அங்குலம், கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு (ஆட்டத்தை நடத்திச் செல்பவன்). நாலாவது படிக்கும்போதிருந்து பந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். பள்ளி மார்க் சராசரி, அதாவது ஜிபிஏ, 3.9. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது அவனே எடுத்த முடிவு, நாங்கள் திணித்தது இல்லை.

கையில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. ஒன்று, பக்கத்து மாநிலத்தில், கல்லூரி விளையாட்டின் மேல் அடுக்கான டிவிஷன் 1ல் ஆடும் ஒரு சிறிய பல்கலைக்கழகம். ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் செலவு. கோச் வீட்டுக்கே வந்து பேசினார். இன்னொன்று, வடகிழக்கில் ஒரு டிவிஷன் 3 (மூன்றாம் அடுக்கு) கல்லூரி. இன்ஜினியரிங்கில் நல்ல பெயர். கோடையிலேயே இவன் மார்க்கை அட்மிஷன் அலுவலகத்தில் காட்டி ‘பிரீ-ரீட்’ முடித்துவிட்டார்கள். எர்லி டிசிஷனில், அதாவது இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று முன்கூட்டியே, விண்ணப்பித்தால் கோச் ஆதரவு தருவார். ஆனால் டிவிஷன் 3ல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர் கூடத் தரக் கூடாது என்பது என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) விதி. எங்கள் வருமானத்தைப் பார்த்துக் கல்லூரி தரும் உதவி போக, வருடத்துக்கு 46,000 டாலர் நாங்கள் கட்ட வேண்டும். நவம்பர் 15க்குள் முடிவு சொல்ல வேண்டும். வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கருத்து.

கோர்ட்_செல்வம்:
சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அமெரிக்காவில் பள்ளி அணியில் ஆடும் பையன்களில் நூற்றுக்கு ஒருவர்தான் டிவிஷன் 1க்குப் போகிறார். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபிறகு அதுவும் சுருங்கிவிட்டது. 2021ல், கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதியை ஒரு தடவைக்கு மட்டும் எடுத்தார்கள். 2024ல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. கல்லூரியில் சில வருடம் ஆடித் தேறிய 22 வயது ஆள் கிடைக்கும்போது, 18 வயதுப் பையனுக்காக ஒரு கோச் வீடு தேடி வருகிறார் என்றால் அவனிடம் ஏதோ பார்த்திருக்கிறார்.

நான் கோவையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படித்தவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஹாஸ்டல், மெஸ், ஃபீஸ் எதற்கும் அப்பா ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அந்தப் பந்து இல்லாவிட்டால் இன்றைக்கும் தறியில்தான் நின்றிருப்பேன். கம்ப்யூட்டரை எந்த வயதிலும் படிக்கலாம். முட்டி அப்படிக் காத்திருக்காது.

எடிசன்_அம்மா:
கம்ப்யூட்டரை எந்த வயதிலும் படிக்கலாம் என்று செல்வம் அண்ணா எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. பொதுவாக நான் இங்கே எழுத மாட்டேன்.

என் மகன் இதே மாதிரி ஒரு டிவிஷன் 1 கல்லூரியில் முழு உதவித்தொகையில் சேர்ந்தான். பெயர் வேண்டாம். மெக்கானிக்கல். முதல் செமஸ்டரிலேயே லேப் செவ்வாய், வியாழன் மதியம் 2 மணிக்கு. பிராக்டிஸ் ஒன்றரைக்கு. சீசன் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் விளையாட்டு என்று என்சிஏஏ விதி இருக்கிறதே என்று கேட்டேன். விதி இருக்கிறது. ஆனால் ஒரு மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். பஸ்ஸிலும் விமானத்திலும் போகும் நேரம் கணக்கிலேயே வராது. கூடைப்பந்து சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும், அதாவது இரண்டு செமஸ்டரையும் தின்னும். டிசம்பர் ஃபைனல்ஸுக்கு அவன் ஹோட்டல் லாபியில் உட்கார்ந்து படித்தான்.

அட்வைசர் அன்பாகத்தான் சொன்னார், “வேறு மேஜர் எடுத்துக்கொள், இரண்டும் சுலபமாகப் போகும்” என்று. இரண்டாம் வருடம் மாறினான். அந்த வருடக் கடைசியில் கோச் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் போர்ட்டலிலிருந்து ஏழு பேரைக் கூட்டிவந்தார். சரி, வேறு கல்லூரிக்குப் போய்த் திரும்ப இன்ஜினியரிங்கே படிக்கிறேன் என்றான். அங்கேதான் அந்த 40-60-80 விதி குறுக்கே வந்தது. மூன்றாம் வருடம் ஆட வேண்டுமானால், எடுத்திருக்கும் டிகிரியில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நாலாம் வருடத்துக்கு 60, ஐந்தாம் வருடத்துக்கு 80. மாறின மேஜரில் எடுத்த பாடங்கள் இன்ஜினியரிங் கணக்கில் சேரவில்லை. படிப்புக்குத் திரும்பினால் ஆட முடியாது, ஆடினால் படிப்புக்குத் திரும்ப முடியாது. அந்த மே மாதம் முழுக்க அவன் ரூமை விட்டு வெளியே வரவில்லை.

கோர்ட்_செல்வம்:
தங்கச்சி, உங்கள் பையனுக்கு நடந்தது கஷ்டம்தான். ஆனால் ஒரு கோச் போனார் என்பதற்காக எல்லா டிவிஷன் 1 கல்லூரியையும் ஒதுக்க முடியுமா? யேல், பிரின்ஸ்டன் மாதிரி படிப்புக்குப் பேர்போன ஐவி லீக் கல்லூரிகளில்கூட விளையாட்டு உதவித்தொகை கிடையாது, வருமானம் பார்த்துத் தருவது மட்டும்தான். அங்கிருந்தே பையன்கள் ஆட்டத்தைத் தேடி வெளியே போகிறார்கள். யேலில் ஆடிய டேனி வுல்ஃப் மிச்சிகனுக்குப் போனார், 2025ல், தொழில்முறை லீக்கான என்பிஏ அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். பிரின்ஸ்டனின் சேவியன் லீ ஃபுளோரிடாவுக்குப் போனார். யேலில் இடம் கிடைத்தவர்களுக்குத் தெரியாத படிப்பின் அருமையா?

எடிசன்_அம்மா:
டேனி வுல்ஃப் ஏழு அடி அண்ணா. நாம் பேசுவது 6 அடி 3 அங்குலப் பையனைப் பற்றி. வுல்ஃபுக்குப் போகும் இடத்தில் என்ன காத்திருக்கிறது என்று தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

பாஸ்டன்_மாணவன்:
வணக்கம் அங்கிள், ஆன்ட்டி. நான் டிவிஷன் 3ல் இரண்டாம் வருடம் ஆடுகிறேன், படிப்பது எலெக்ட்ரிக்கல். இங்கே பேசுவதைப் பார்த்தால் டிவிஷன் 3 என்றால் ஏதோ மாலை நேரப் பொழுதுபோக்கு மாதிரி தெரிகிறது. அப்படி இல்லை. அக்டோபர் நடுவில் பிராக்டிஸ் தொடங்கினால் பிப்ரவரி வரை உடம்பு வலியோடுதான் எழுந்திருப்பேன். போன வருடம் பெரும்பாலான மேட்சில் பெஞ்ச்தான். பள்ளியில் மேட்சுக்கு 24 பாயிண்ட் அடித்தவனுக்கு அது லேசில்லை, தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் கோச் ஆகஸ்டிலேயே எல்லாருடைய லேப் டைம்டேபிளையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் பிராக்டிஸ் நேரத்தை முடிவு செய்வார். லேப் இருந்தால் லேட்டாக வரலாம், முகம் சுளிக்க மாட்டார். எல்லா டிவிஷன் 3லும் இப்படி என்று சொல்ல மாட்டேன்.

இங்கிருந்து மேலே போகவே முடியாது என்பதும் சரியில்லை. டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் ஒரு வருடம் ஆடி, மிச்சிகன் போய், டிராஃப்டில் யாரும் எடுக்காமல், மயாமி ஹீட் அணியில் சேர்ந்து 2020 என்பிஏ ஃபைனல்ஸ் ஆடினார்.

கோர்ட்_செல்வம்:
தம்பி, டிவிஷன் 3ல் நானூறுக்கும் மேல் கல்லூரி இருக்கிறது. அத்தனைக்கும் ஒரு டங்கன் ராபின்சனைக் காட்டுகிறீர்கள். அதே டிவிஷன் 3ல்தான் அறிவியலுக்குப் பேர்போன கால்டெக் இருக்கிறது. தங்கள் கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) 310 மேட்ச் தொடர்ந்து தோற்று, 2011ல்தான் ஒன்றை ஜெயித்தார்கள். அந்தப் பையன்கள் படிப்பில் சூரர்கள், மறுக்கவில்லை. ஆனால் பந்தைப் பக்கத்தில் வைத்துத் தூங்கும் பையனுக்கு அது போதுமா?

பாஸ்டன்_மாணவன்:
கால்டெக் கதை எங்கள் லாக்கர் ரூமிலும் ஓடும் அங்கிள். அவர்கள் ஜெயித்த அந்த மேட்சின் ஸ்கோர் 46-45. அன்றைக்குக் கோர்ட்டுக்குள் ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்திருந்தால், போதுமா என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

விசா_வரிசை:
எல்லாரும் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பிளேனோ சார், தவறாக நினைக்காதீர்கள். பையன் சிட்டிசனா, கிரீன் கார்டா, இல்லை பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4ஆ?

பிளேனோ_அப்பா:
எச்-4. மூன்று வயதில் வந்தான். நாங்கள் இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறோம்.

விசா_வரிசை:
அப்படியென்றால் கணக்கே வேறு. 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் கல்லூரி நடுவில் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டும். டிகிரி முடித்ததும், எஃப்-1 மாணவர்களுக்கான ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) டிகிரி என்றால் இன்னும் 24 மாதம், ஆக மூன்று வருடம். எடிசன் மேடம் சொன்னது மாதிரி லேப் நேரம் ஒத்துவராமல் வேறு மேஜருக்குத் தள்ளிவிட்டால், அது ஸ்டெம் பட்டியலில் இல்லாத படிப்பாக இருந்தால், அந்த 24 மாதம் போயிற்று. மூன்று வயதிலிருந்து டெக்சஸின் பிளேனோவில் வளர்ந்த பையன், 23 வயதில் பெட்டி கட்ட வேண்டி வரலாம்.

2021க்குப் பிறகு வந்த என்ஐஎல் பணத்தையும் (ஆட்டக்காரர் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து வாங்குவது) நம்ப வேண்டாம். எச்-4ல் இருக்கும் பிள்ளை சம்பாதிக்க அனுமதி கிடையாது. எஃப்-1லும் அது சிக்கல்தான், வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். செல்வம் சார் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எச்-4 பிள்ளைக்கு ஃபெடரல் கடன், ஃபெடரல் உதவி இரண்டும் கிடையாது. விளையாட்டு உதவித்தொகை விசா பார்ப்பதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்.

கோர்ட்_செல்வம்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு 1,84,000 டாலர். அதை எங்கிருந்து கொண்டுவருவார்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டுமா? அந்த டிவிஷன் 1 கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இருக்கிறது இல்லையா? நன்றாகப் படிக்கிற பையன், சமாளிப்பான்.

எடிசன்_அம்மா:
இருக்கிறது என்பது வேறு, ஆடிக்கொண்டே படிக்க விடுவார்கள் என்பது வேறு. பிளேனோ சார், கோச்சிடம் “இன்ஜினியரிங் படிக்கலாமா” என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இப்போது அணியில் இருப்பவர்கள் என்னென்ன மேஜர் என்று கேளுங்கள். பெரும்பாலும் அணியின் வெப்சைட்டிலேயே போட்டிருப்பார்கள். போன ஐந்து வருடத்தில் இன்ஜினியரிங்கில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர்? பிராக்டிஸ் எத்தனை மணிக்கு, இரண்டாம் வருட லேப் எத்தனை மணிக்கு? உதவித்தொகை ஒரு வருடத்துக்கா, நாலு வருடத்துக்கா? எழுத்தில் வாங்குங்கள். நான் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கோச் என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு “உங்கள் பையன் என் பையன் மாதிரி” என்றார், அதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கேட்க வேண்டியது உங்கள் மகன். நீங்கள் இல்லை.

பாஸ்டன்_மாணவன்:
அங்கிள், பிளேனோவுக்குப் பக்கத்திலேயே யூடி டல்லாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறதே! 2025ல் டிவிஷன் 3லிருந்து டிவிஷன் 2க்கு மாறி லோன் ஸ்டார் கான்ஃபரன்ஸில் சேர்ந்தார்கள். டிவிஷன் 2ல் உதவித்தொகை உண்டு, ஆனால் அதைப் பலருக்குப் பிரித்துத் தருவார்கள், முழுசாகக் கிடைப்பது அபூர்வம். கம்ப்யூட்டர் படிப்புக்கு நல்ல இடம், உள்ளூர்க் கட்டணம். இந்த நேரத்தில் அணியில் இடம் இருக்குமா என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பிளேனோ_அப்பா:
மூன்று நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். எல்லாருடைய பதிலையும் மகனிடம் காட்டினேன். எடிசன் மேடம் எழுதியதை இரண்டு தடவை படித்தான். பிறகு அவனே ஸ்பீக்கரில் போட்டு கோச்சைக் கூப்பிட்டான்.

நல்ல மனிதர், மழுப்பவில்லை. பிராக்டிஸ் தினமும் ஒன்றிலிருந்து நான்கரை வரை. அணியில் இப்போது இன்ஜினியரிங் யாரும் இல்லை. கடைசியாக அதில் சேர்ந்த இரண்டு பேரும் ஒரு வருடத்தில் வேறு மேஜருக்கு மாறிவிட்டார்கள். “உனக்காக முயற்சி செய்வேன், ஆனால் பிராக்டிஸ் நேரத்தை மாற்ற முடியாது” என்றார். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நன்றி சொல்லி, வரவில்லை என்று சொல்லிவிட்டான். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டு கராஜ் பக்கம் போய்விட்டான். ராத்திரி பதினொன்று வரை பந்துச் சத்தம் கேட்டது.

டிவிஷன் 3 கல்லூரிக்கு எர்லி டிசிஷன் போடுகிறோம். திருநெல்வேலியில் ஒரு மனை வாங்கிப்போட்டிருந்தேன், அதைக் கொடுத்துவிடலாம் என்று மனைவிதான் முதலில் சொன்னாள். மீதியை மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கே கிடைக்காவிட்டால் என்று, யூடி டல்லாஸ் கோச்சுக்கும் ஆட்ட வீடியோவோடு மெயில் போட்டிருக்கிறான்.

கோர்ட்_செல்வம்:
சார், எனக்கு இப்போதும் சம்மதமில்லை. மனையை விற்றுப் படிக்க வைப்பதை என்னால் சரி என்று சொல்ல முடியாது, இலவசமாகக் கிடைத்த படிப்பில் வளர்ந்தவன் நான். ஆனால் பதினேழு வயதில் அவனே கோச்சைக் கூப்பிட்டுக் கேட்டான் என்கிறீர்கள். அந்த வயதில் நான் கோச் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவன் மேட்ச் வீடியோ லிங்க் இருந்தால் அனுப்புங்கள். இடது கையால் எப்படி முடிக்கிறான் என்று பார்க்க வேண்டும்.