ஊர் வரலாற்றுக் குழுவுக்கு வெறும் பெயரை அனுப்பாதீர்கள்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் பினாங்கிலிருந்து வணக்கம்.

கொள்ளுத்தாத்தாவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் நம் ஊர்ப் பக்கத்து வரலாற்றுக் குழுவுக்கு எழுதினால் ஏதாவது கிடைக்குமா என்று மெல்பர்ன் தம்பி கேட்டிருந்தார். கிடைப்பது கஷ்டம் தம்பி. பெயரோடு இன்னும் சில விவரங்களைச் சேர்த்து அனுப்பினால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. இதே கேள்வி சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

குழு என்றதும் பெரிய அலுவலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய கர்ணம் வீட்டுப் பிள்ளை ஒருவர், கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொண்ட சில இளைஞர்கள், அவ்வளவுதான். டவுன் நூலகத்தில் ஒரு பீரோ கொடுத்திருக்கிறார்கள். கோயில் தலைக்கட்டு வரி நோட்டுகள், கல்யாண மொய் நோட்டுகள், தொடக்கப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல், 1980-ல் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தபோது வீடுகளிலேயே தங்கிப்போன சில கணக்குகள் எல்லாம் அந்த பீரோவில் இருக்கின்றன. சொந்தக் காசைப் போட்டு, சாயங்கால நேரத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். அவர்கள் நேரத்தை நாம் வீணாக்கக் கூடாது.

நம் முன்னோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மாரிமுத்து மகன் பக்கிரி, பக்கிரி மகன் மாரிமுத்து என்று தாத்தா பெயரே பேரனுக்கு வரும். ஒரு தெருவிலேயே நாலு மாரிமுத்து இருந்திருப்பார்கள். இங்கே மலாயாவில் தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள் கணக்கில் ஒரு விதம், பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், ஐசி என்கிற அடையாள அட்டையில் வேறு விதம். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நம் மாரிமுத்து எவர் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

குழுவினர் கேட்பது வேறு. குலதெய்வம் எது? எந்தத் தெரு? தோட்டத்துக்கு ஆள் சேர்த்துத் தாத்தாவை அழைத்துவந்த கங்காணி யார்? ஊர்ப் பெயரே மறந்துபோன வீடுகளில்கூட குலதெய்வம் மறக்கவில்லை. பிள்ளைக்கு முதல் முடி இறக்கும்போதும் கல்யாணப் பத்திரிகையை வைத்துக் கும்பிடும்போதும் சொல்லியாக வேண்டுமே. ஆனால் மாரியம்மன் என்று மட்டும் எழுதாதீர்கள், எல்லா ஊரிலும் மாரியம்மன் உண்டு. அய்யனார் என்றால் எந்த அய்யனார், பக்கத்தில் நிற்கும் வீரன் பெயர் என்ன, கிடா வெட்டு உண்டா, பொங்கல் மட்டுமா என்றுகூட எழுதுங்கள். அதை வைத்தே எந்த ஊர், எந்தப் பங்காளி வகை என்று சொல்லிவிடக்கூடிய பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

கங்காணி விஷயம் இன்னும் முக்கியம். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறைக்குத் தடை வந்த பிறகு, 1938-ல் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தும் வரை, தோட்டங்களுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் கங்காணிகள் மூலம். கங்காணி தன் சொந்த ஊருக்கும் அதன் சுற்று வட்டாரத்துக்கும் போய்த்தான் ஆள் கட்டினார். நாகப்பட்டினத்தில் அவரோடு கப்பலேறிய குடும்பங்கள் இங்கே லயம் என்கிற ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தன, காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்றன. எனவே உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த வீட்டுத் தாத்தாவின் ஊர் அவர் பேரப்பிள்ளைகளில் யாருக்காவது தெரிந்திருக்கும். நடந்து போகிற தூரத்திலேயே உங்கள் ஊரும் இருக்கக்கூடும்.

ஜில்லா பெயரையும் கவனியுங்கள். பழைய காகிதங்களில் தஞ்சாவூர் என்று இருப்பதை வைத்து இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் தேடுகிறார்கள். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-ல், திருவாரூர் 1997-ல். அதற்கு முன்னால் எல்லாமே தஞ்சாவூர்தான்.

என் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். தாத்தா இரண்டு தடவை கப்பல் ஏறியவர் என்று அப்பாயி அடிக்கடி சொல்வார். ஏன் திரும்பிப் போனார், ஏன் மறுபடி வந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரு, அய்யனார், கங்காணி மூன்றையும் எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரு மிராசுதார் வீட்டுப் பரணிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த நெல் கணக்கில், ஆங்கிரச வருடம் மாசி மாதப் பக்கத்தில், தாத்தா பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் சேர்ந்தே இருந்தன. பக்கத்தில் 'மலாயாவிலிருந்து திரும்பினவன்' என்ற குறிப்பு, கீழே கடன் நெல் இரண்டு கலம்.

ஆங்கிரச வருடம் என்றால் 1932-33, மாசி என்றால் 1933-ன் தொடக்கம். அறுபது வருடச் சுற்றில் அதே பெயர் அடுத்து வருவது 1992-ல் என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய், தோட்டங்களில் வேலையில்லாமல் ஏராளமான தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய காலம் அது. 1934-ல் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். என் அப்பா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தது 1937-ல். அப்பாயி சொன்னது அத்தனையும் சரி. அந்தப் பக்கத்தின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் தாத்தா இருந்தார் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே எழுத்து, அவருக்குக் கடன் கொடுத்தவர் எழுதிவைத்தது.

இதில்தான் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இருக்கிறது. பட்டா, சிட்டா, பத்திரம் எல்லாம் காணி உள்ளவர்களைப் பற்றித்தான் பேசும். நம்மில் பல பேருடைய தாத்தாக்கள் பண்ணையாட்கள். காவிரிப் படுகையில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-ல்தான், அதற்குள் இவர்கள் கடல் கடந்துவிட்டார்கள். குழு இப்போது ஊர் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறது. கோயில் வந்துவிட்டது, மிராசுதார் குடும்பங்கள் வந்துவிட்டன, பள்ளிக்கூடம் வந்துவிட்டது. கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு பத்திகூட இல்லை. அவர்கள் வேண்டுமென்று விடவில்லை, கையில் காகிதம் இல்லை. அந்தக் காகிதம் நம்மிடம்தான் இருக்கிறது. அங்கே கேட்டு வாங்குவதைவிட அங்கே கொடுக்க வேண்டியது நம்மிடம் அதிகம்.

என்னென்ன என்று கேட்பீர்கள். 1948-ல் மலாயா அவசரகாலத்தின்போது 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கொடுத்த பழைய அடையாள அட்டை, குடியுரிமை கிடைக்காத நிரந்தரவாசிகளுக்குக் கொடுத்த சிவப்பு ஐசி, குடியுரிமைப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் உறை, ஜாதகக் குறிப்பு. திதி கொடுக்கிற வீடுகளில் வருடம் தெரியாவிட்டாலும் மாதமும் பிறையும் தெரியும், அதையும் எழுதுங்கள். பினாங்கில் பத்து லஞ்சாங் மயானத்துப் பக்கம் போகிறவர்கள் பழைய கல்லறைகளில் சொந்த ஊர் பொறித்திருந்தால் படம் எடுங்கள். தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. மரண அறிவிப்பு கிடைத்தால் அதில் ஊர்ப் பெயரும் இருக்கக்கூடும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலீமில் (பழைய ஜாலான் டூத்தா) இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம், ஆனால் தோட்டத்தின் பெயரும் சுமாரான வருடமும் இல்லாமல் போய்ப் பிரயோசனமில்லை.

ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களை விட்டுவிடாதீர்கள். 1942, 43-ல் நம் தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. வீட்டில் ஒரு பாட்டி "எங்க சின்னத்தம்பி சயாமுக்குப் போனான்" என்று சொன்னால் அதுவே ஆவணம். யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு என்ன வயது என்று கூடவே எழுதி அனுப்புங்கள்.

தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமே என்று இரண்டு மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அதிலிருந்து தப்பிக்கத்தான் பல பேர் கப்பலே ஏறினார்கள். குழுவிடம் பேசிவிட்டேன். தேடுவதற்கு மட்டும்தான் தெருவின் பெயர், குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் புத்தகத்தில் வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். சொல்ல விருப்பமில்லாதவர்கள் குலதெய்வத்தையும் கங்காணி பெயரையும் மட்டும் அனுப்புங்கள்.

படங்களை முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் எடுங்கள். பின்னால் பென்சிலில் எழுதியிருப்பதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அசல் எதையும் தபாலில் அனுப்ப வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஈப்போ அண்ணன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் கொண்டுபோய்க் குழுவிடம் நேரில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மார்கழி பிறப்பதற்குள் என் முகவரிக்கு அனுப்பிவிட்டால் குடும்ப வாரியாகப் பிரித்து அவரிடம் சேர்த்துவிடுவேன். கங்காணி பெயர் தெரிந்தவர்கள் அதை மட்டும் நம் சங்கத்துக் குழுவிலேயே எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள், அது யாருக்கு வழி காட்டும் என்று நமக்கே தெரியாது.

அன்புடன்,
செபராங் பிறை அக்கா