விறைப்பு, விறைமை: பார்க்கின்சன் தசை அளவீட்டுக்குச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் சொற்பட்டியலில் 'ரிஜிடிட்டி'க்கு (பார்க்கின்சன் நோயில் கைகாலைப் பிறர் அசைக்கும்போது தசை எதிர்ப்பது) 'தசை இறுக்கம்' வேண்டாம். ஆட்டிசத்தையே மன இறுக்கம் என்கிறோம். தசையின் இயல்பான தொனியையும் (ஓய்விலும் தசையில் இருக்கும் இழுப்பு) சிலர் இறுக்கம் என்றே எழுதுகிறார்கள். "கை வெறச்சுக்கிட்டு நிக்குது" என்று நோயாளிகள் சொல்வதிலிருந்தே 'விறைப்பு' என்று எடுத்துக்கொள்ளலாம்.

பக்கவாதக் கையை வேகமாக நீட்டினால் எதிர்ப்பு கூடும், மெல்ல நீட்டினால் குறையும். பார்க்கின்சனில் எவ்வளவு மெல்ல நீட்டினாலும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீராக எதிர்க்கும். அது ஈயக்குழாய் விறைப்பு. தட்டித் தட்டி நகர்ந்தால் பற்சக்கர விறைப்பு. பக்கவாதத்துக்கு இந்தச் சொல்லைத் தரக்கூடாது.

> விறைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்

நோய்க்குறிக்குச் சரி. கருவி தரும் எண்ணுக்கும் அதே சொல் என்றால் ஒப்பமாட்டேன்.

பார்க்கின்சன் நோயின் கடுமையை மதிப்பிடும் எம்டிஎஸ்-யூபிடிஆர்எஸ் அளவையில் மருத்துவர் கழுத்தையும் கைகால்களையும் தாமே அசைத்துப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறார். மறு கையால் விரல் தட்டச் சொல்லும்போது மட்டும் விறைப்பு தென்பட்டால் 1. தட்டாமலே தெரிந்து, மூட்டு முழுவீச்சுக்கு எளிதாகப் போனால் 2. சிரமப்பட்டுப் போனால் 3. 'எளிது', 'சிரமம்' இரண்டையும் பிரிப்பது சோதிப்பவரின் கைதான். மருந்தால் வரும் சிறு மாற்றம் இதில் நழுவிவிடும்.

தசையைத் தட்டி அளக்கும் கையடக்கக் கருவி வேறு வகை. தசைமேல் செங்குத்தாக வைத்தால் 0.18 நியூட்டன் முன்னழுத்தம் தந்து, 15 மில்லிநொடிக்கு 0.4 நியூட்டன் விசையால் தட்டுகிறது. தசை அதிர்ந்து அடங்குவதிலிருந்து வரும் 'ஸ்டிஃப்னஸ்' எண்ணின் அலகு நியூட்டன்/மீட்டர். நோயில்லாதவர் தசைக்கும் இந்த எண் உண்டு! இதை விறைப்பு என்றால் எல்லாரும் நோயாளிகளாகிவிடுவார்கள். 'பொறு' என்பதிலிருந்து பொறுப்பும் பொறுமையும் தனித்தனிப் பொருளில் வந்ததுபோல, 'விறை' என்பதிலிருந்து இதற்கு 'விறைமை' என்று வைக்கலாம்.

> விறைமை என்று வைக்கலாம்

ஏற்கிறேன், நல்ல சொல். இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, மீயொலி மீள்மைப் படம் (எலாஸ்டோகிராபி) கிலோபாஸ்கலில் தருவது இயற்பியல் பாடநூலில் உள்ள 'விறைப்புக் குணகம்'. அதை அப்படியே விடுவோம்.

இரண்டு, மோட்டார் மணிக்கட்டை மடக்கி நீட்டும் சோதனை. கோணத்துக்கு எதிராகத் திருப்புவிசையை வரைந்தால் ஒரு கண்ணி (மூடிய வளையம்) கிடைக்கும். அதன் சரிவுதான் விறைமை. கண்ணிக்குள் அடங்கும் பரப்பு ஒரு சுற்றில் இழந்த ஆற்றல். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் ஆய்வுகளை ஒப்பிட முடியாது. கையின் எடையும் நிலைமமும் தரும் திருப்புவிசையை முதலில் கழிக்க வேண்டும். நோயாளி தம்மை அறியாமல் மோட்டாருக்கு உதவினால் சரிவு குறைந்து தெரியும், எதிர்த்தால் கூடித் தெரியும். அதனால் தசைமீது மின்முனை ஒட்டி மின்வரைவும் (தசையின் மின் செயல்பாட்டுப் பதிவு) கூடவே பதிய வேண்டும். தட்டும் கருவிக்கும் இது பொருந்தும்: தசையைச் சற்றே முறுக்கினாலும் எண் ஏறிவிடும்.

ஆகவே சொற்பட்டியலில் 'விறைமை' உள்ளீட்டுடன் எந்தத் தசை, ஓய்வா முறுக்கா, பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையைக் கடைசியாக எடுத்த பின் எத்தனை மணி நேரம் என்பவற்றையும் குறிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.